குழாய்த் தண்ணீர் திரும்பி ஓடாமல் இருக்க: பின்னோட்டத் தடுப்பு வால்வு பராமரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தையிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் குழாய், தொட்டி, பம்ப் என்று பொறுப்பில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஊருக்கு இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர். பேச்சில் பழைய பெயர்தான் நிற்கிறது. 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் தென்னமரத்தில் தொடங்கியதிலிருந்து இங்கே பிழைப்பு செம்பனையைச் சுற்றித்தான். தோட்டம் என்றால் பூச்சிமருந்தும் களைக்கொல்லியும் வைக்கும் மருந்து ஸ்டோர் இருக்கும், மில் இருக்கும், கொதிகலன் இருக்கும், பழைய குளத்துப் பைப் இருக்கும். இவையெல்லாம் குடிதண்ணீர்ப் பைப்போடு எங்கேயோ ஓரிடத்தில் தொட்டுக்கொள்கின்றன. அங்கே நிற்கிற வால்வைப் பொருத்தியதோடு மறந்துவிடுகிறோம். கவனிக்காமல் விட்ட தடுப்பு வால்வு, வால்வே இல்லாததைவிட ஆபத்து என்பது என் கருத்து. இல்லை என்று தெரிந்தால் ஜாக்கிரதையாக இருப்போம். இருக்கிறது என்று நம்பினால், ரப்பர் குழாயை மருந்துத் தொட்டிக்குள்ளேயே போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம்.

தண்ணீர் முன்னால்தானே போகும், எப்படித் திரும்பி வரும்?

அழுத்தம் கூடிய பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்குப் போவதுதான் தண்ணீரின் குணம். அந்த அழுத்தம் தலைகீழானால் ஓட்டமும் தலைகீழாகும். இது இரண்டு விதமாக நடக்கும்.

ஒன்று, உறிஞ்சல். பெரிய பைப் உடைந்தாலோ, தீயணைப்பு வண்டி நிறையத் தண்ணீர் எடுத்தாலோ, சப்ளை நின்று பைப் காலியாகிப் போனாலோ, தெருப் பைப்பில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடும். அந்த நேரத்தில் எந்தக் குழாயின் வாய் எந்தத் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறதோ, அந்தத் தண்ணீரை அது இழுத்துக்கொள்ளும். 2020 செப்டம்பரில் ரவாங் பக்கம் சுங்கை கோங்கில் கழிவு கலந்ததால் 4 சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். சிலாங்கூரில் பாதிக்கு மேல் வாளியும் கையுமாக நின்றது. அப்படித் தண்ணீர் நிற்கும் ஒவ்வொரு தடவையும் உறிஞ்சலுக்கு வழி திறக்கிறது.

இன்னொன்று, எதிர் அழுத்தம். நம் பக்கத்தில் பம்ப், கொதிகலன், மேட்டில் உள்ள தொட்டி ஏதாவது இருந்து, அதன் அழுத்தம் தெருப் பைப்பைவிடக் கூடினால், நம் தண்ணீர் வெளியே தள்ளப்படும். 10 மீட்டர் உயரத்தில் இருக்கும் தொட்டி கீழே ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கொடுக்கும். குன்று மேலே தொட்டி வைத்திருக்கும் தோட்டங்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதெல்லாம் உண்மையிலேயே நடந்திருக்கிறதா, இல்லை பயமுறுத்துகிறீர்களா?

நடந்திருக்கிறது. 1933இல் அமெரிக்காவின் சிகாகோவில், ஹோட்டல் பைப்புகளில் கழிவும் குடிதண்ணீரும் கலந்ததால் அமீபா வயிற்றுக்கடுப்பு பரவி 98 பேர் இறந்தார்கள். 1969இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் ஒரு கல்லூரிக் கால்பந்துக் குழுவுக்கு மஞ்சள் காமாலை வந்து அந்த ஆண்டு ஆட்டங்களையே நிறுத்த வேண்டியதாயிற்று. பக்கத்தில் தீயணைக்கத் தண்ணீர் எடுத்தபோது அழுத்தம் இறங்கி, மைதானத்தில் தரைக்கு அடியிலிருந்த புல் நனைக்கும் குழாயில் தேங்கிய அழுக்குத் தண்ணீர் குடிதண்ணீர்ப் பைப்புக்குள் இழுக்கப்பட்டது என்று விசாரணை சொன்னது. ஒரு மைதானக் குழாயும் ஒரு தீ விபத்தும் போதுமானதாக இருந்தன. நம் ஊர்த் திடல்களிலும் அதே மாதிரிக் குழாய்கள்தான் இருக்கின்றன.

மருந்து கலக்கும் இடத்தில் என்ன செய்ய வேண்டும்? (தோட்ட அலுவலகத்திலிருந்து அதிகம் வரும் கேள்வி)

முதலில் இதைத்தான் சரிசெய்ய வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020 ஜனவரி முதல் நாட்டில் தடை செய்துவிட்டார்கள், அதனால் இனி ஆபத்து இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். மற்ற களைக்கொல்லிகளும் பூச்சிமருந்துகளும் ஸ்டோரில் இருக்கத்தானே செய்கின்றன?

காலையில் மருந்தடிக்கப் போகிறவர்கள் அவசரத்தில் இருப்பார்கள். டிரம்மை வைத்து, ரப்பர் குழாயின் நுனியை உள்ளே இறக்கி, குழாயைத் திறந்துவிட்டு மருந்தை ஊற்றுவார்கள். நுரை வராமல் இருக்க நுனியை இன்னும் ஆழமாகத் தள்ளுவார்கள். அந்த நிமிடத்தில் தெருப் பைப்பில் அழுத்தம் இறங்கினால் டிரம்மில் கலந்த மருந்து குழாய் வழியே ஏறும். அதே பைப்பில்தான் லயத்து வீடுகளின் சமையலறை இருக்கிறது.

இதற்கு நான் சொல்லும் தீர்வு வால்வு இல்லை, காற்று இடைவெளி. தண்ணீர் நிரப்பும் பைப்பை டிரம்முக்கு மேலே உயரத்தில் இரும்புச் சட்டத்தில் அசையாமல் கட்டிவிடுங்கள். பைப்பின் வாய்க்கும் டிரம்மின் மேல் விளிம்புக்கும் நடுவே, பைப்பின் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கு இடைவெளி வேண்டும். எப்படியும் 25 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. விளிம்பிலிருந்து அளக்க வேண்டும், தண்ணீர் மட்டத்திலிருந்து அல்ல. டிரம் நிரம்பி வழிந்தாலும் பைப்பின் வாய் நனையவே கூடாது. இதில் ரப்பர் இல்லை, ஸ்பிரிங் இல்லை, கெட்டுப்போக ஒன்றுமே இல்லை. பராமரிப்பு என்றால் ஒன்றுதான்: யாரும் அந்தப் பைப்பின் வாயில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகி நீட்டிவிடவில்லையே என்று வாரம் ஒரு முறை எட்டிப் பார்ப்பது. தண்ணீர் தெறிக்கிறது என்று நிச்சயம் யாராவது செருகுவார்கள். தெறிப்பதைக் குறைக்க அகல வாய்ப் புனல் வைத்துக் கொடுங்கள், குழாயை நீட்ட விடாதீர்கள். அப்படி வைத்தால் புனலின் மேல் விளிம்பிலிருந்து இடைவெளியை அளக்க வேண்டும்.

தோட்டத்தில் பழைய குளத்துத் தண்ணீர் பைப் இன்னும் இருக்கிறது. அவசரத்துக்குத் திறந்துகொள்ளலாம் என்று நடுவில் ஒரு கேட் வால்வு போட்டிருக்கிறோம். போதுமா?

போதாது. பழைய தோட்டங்களில் இது சகஜம். முன்பு குளத்திலிருந்தோ ஆற்றிலிருந்தோ சொந்தமாகத் தண்ணீர் எடுத்தார்கள், பிறகு அரசாங்கத் தண்ணீர் வந்தது, பழைய பைப்பைப் பிடுங்கி எறியாமல் இரண்டையும் இணைத்து நடுவில் ஒரு வால்வை வைத்தார்கள். கேட் வால்வின் அடியில் மணலோ துருவோ தங்கினால் முழுதாக மூடாது. கைப்பிடி இறுகி நிற்கும், உள்ளே நூலளவு ஒழுகிக்கொண்டே இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

நடுவில் ஒரு முழத் துண்டை வெட்டி எடுத்துவிடுங்கள். இரண்டு பக்கத்தையும் மூடி போட்டு அடைத்துவிடுங்கள். அவசரத்துக்கு வேண்டும் என்றால், கழற்றி மாட்டும் ஒரே துண்டுப் பைப்பை வைத்து, ஒரு நேரத்தில் ஒரு தண்ணீரை மட்டும் இணைக்க முடிகிற மாதிரி அமைக்கச் சொல்லுங்கள். குளத்துத் தண்ணீர் போன பைப்பில் மறுபடி குடிதண்ணீர் விடுவதற்கு முன் குளோரின் போட்டுக் கழுவ வேண்டும்.

எந்த இடத்துக்கு எந்த வால்வு?

வாசல் குழாய், கார் கழுவும் குழாய்: வாயில் திருகும் சின்ன வேக்குவம் பிரேக்கர் (உறிஞ்சல் வந்தால் காற்றை உள்ளே விட்டு அதை முறிக்கும் கருவி) போதும். சாதாரணக் கட்டடம், உள்ளே இருக்கும் தண்ணீர் அழுக்காக இருக்கலாம், விஷமில்லை என்றால்: டபுள் செக் வால்வு, அதாவது தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வு இரண்டு அடுத்தடுத்து இருப்பது. மருந்து, ரசாயனம், கொதிகலன், கிளினிக், கழிவு என்று உயிருக்கு ஆபத்தான எதுவாக இருந்தாலும்: ஆர்.பி.இசட் எனப்படும் குறை அழுத்த மண்டல வால்வு, அல்லது காற்று இடைவெளி. ஒற்றைச் செக் வால்வு பம்புக்கு நல்லது. குடிதண்ணீரைக் காக்க அதை நம்ப வேண்டாம். கடையில் வாங்கும்போது ஸ்பான் (தேசிய நீர்ச் சேவை ஆணையம்) அங்கீகாரம் உள்ள பொருளா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆர்.பி.இசட் வால்வின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது அண்ணே. அடைத்துவிடலாமா?

அடைக்கவே கூடாது! சில இடங்களில் அந்த வாயில் மரக்கட்டை வைத்து அடித்திருப்பதையும், மூடி திருகியிருப்பதையும் பார்த்தால் மனசு பதறுகிறது.

இந்த வால்வுக்குள் இரண்டு செக் வால்வுகள் உண்டு. நடுவில் ஒரு அறை, அந்த அறைக்கு அடியில் ரிலீஃப் வால்வு. தெருப் பக்கம் ஒன்று, நம் பக்கம் ஒன்று என்று இரண்டு அடைப்பு வால்வுகளும் உண்டு. நடு அறையின் அழுத்தம் எப்போதும் தெருப் பக்கத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். வித்தியாசம் குறைந்துகொண்டே வந்தால், அது 14 கிலோபாஸ்கலுக்குக் கீழே போவதற்குள் ரிலீஃப் வால்வு திறந்து, அறையில் உள்ள தண்ணீரை வெளியே கொட்டிவிடும். திரும்பி வரக்கூடிய தண்ணீர் தெருவுக்குப் போகாமல் தரையில் விழுகிறது. அதனால் சொட்டுவது, உள்ளே ஏதோ சரியில்லை என்று வால்வு நம்மைக் கூப்பிடுவது. கூப்பிடும் வாயைக் கட்டிவிட்டால் பிறகு யார் சொல்வார்கள்?

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கிறது. முதலில், எப்படிச் சொட்டுகிறது என்று சற்று நேரம் நின்று பாருங்கள். எப்போதாவது 'சளக்' என்று கொஞ்சம் துப்பிவிட்டு நின்றால், வால்வில் பழுது இல்லாமலும் இருக்கலாம். தெருப் பக்கத்து அழுத்தம் ஏறி இறங்குகிறது, அல்லது எங்கேயோ பம்ப் திடீரென்று ஓடுகிறது. விடாமல் ஒழுகினால், நம் பக்கத்து அடைப்பு வால்வை (இரண்டாவது அடைப்பு வால்வை) மெதுவாக மூடுங்கள். ஒழுகல் நின்றுவிட்டால், இரண்டாவது செக் வால்வு பிடிக்கவில்லை. நம் பக்கத்திலிருந்து அழுத்தம் திரும்பி வருகிறது. அதாவது, பின்னோட்டம் அந்த நிமிடமே நடந்துகொண்டிருக்கிறது, வால்வு அதைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

மூடியும் நிற்கவில்லை என்றால், 4ஆம் டெஸ்ட் காக்கை (வால்வில் சோதனைக்காக இருக்கும் நான்கு சின்னக் குழாய்களில் கடைசியானதை) திறந்து தண்ணீரை ஓட விடுங்கள். தண்ணீர் ஓடும்போது ஒழுகல் நின்றால், முதல் செக் வால்வின் ரப்பரில் மணலோ பிளாஸ்டிக் துகளோ சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் இதுதான். தண்ணீர் ஓடியும் ஒழுகல் நிற்கவில்லை என்றால் கோளாறு ரிலீஃப் வால்விலேயே: டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கும், அல்லது அழுத்தத்தை அதற்குத் தெரிவிக்கும் மெல்லிய குழாய் அடைத்திருக்கும்.

ஆண்டுச் சோதனையில் என்ன செய்கிறார்கள்? நாங்கள் பக்கத்தில் நின்றால் எதைப் பார்க்க வேண்டும்?

பொருத்திய அன்று ஒரு தடவை, கழற்றிப் பழுதுபார்த்த அன்று ஒரு தடவை, அப்புறம் 12 மாதத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவிலும் இதே கணக்குதான். சோதனையைக் கண்ணால் பார்த்துச் செய்ய முடியாது, அழுத்த வித்தியாசம் காட்டும் கேஜ் வேண்டும். கேஜ் இல்லாமல் வந்து, வால்வைத் தட்டிப் பார்த்து "ஓகே பாஸ்" என்று கையெழுத்துப் போடுகிறவருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

சோதனைக்காரர் முதலில் கட்டடத்தில் இருப்பவர்களிடம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தண்ணீர் நிற்கும். தீயணைப்புப் பைப்பில் உள்ள வால்வு என்றால் பாதுகாவலரிடமும் மேனேஜரிடமும் சொல்லாமல் கையே வைக்கக் கூடாது. அடுத்து டெஸ்ட் காக் நான்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து அழுக்கு போக விடுவார். பிறகு இரண்டாவது அடைப்பு வால்வை மூடி, கேஜின் ஒரு குழாயை 2ஆம் காக்கிலும் இன்னொன்றை 3ஆம் காக்கிலும் மாட்டி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றுவார். காற்று இருந்தால் முள் பொய் சொல்லும்.

முள் நிலைக்கு வந்ததும் முதல் செக் வால்வு பிடிக்கும் அழுத்தம் தெரியும். நல்ல நிலையில் உள்ள வால்வில் சாதாரணமாக 35 கிலோபாஸ்கலோ அதற்கு மேலோ காட்டும். அதன் பிறகு கேஜின் ஊசி வால்வை மெல்லத் திறந்து வித்தியாசத்தைக் குறைப்பார். முள் இறங்கிக்கொண்டே வரும். ரிலீஃப் வால்விலிருந்து முதல் சொட்டு விழும் நொடியில் முள் எங்கே நிற்கிறது என்பதுதான் நீங்கள் பார்க்க வேண்டியது. 14 கிலோபாஸ்கலுக்குக் கீழே போன பிறகு சொட்டு விழுந்தால் வால்வு தோற்றது, வெளியிலிருந்து எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி. கடைசியாக, 4ஆம் காக் வழியே எதிர்ப்பக்கம் அழுத்தம் கொடுத்து இரண்டாவது செக் வால்வு அசையாமல் பிடிக்கிறதா என்று பார்ப்பார்.

டபுள் செக் வால்வில் வேலை குறைவு: ஒவ்வொரு செக் வால்வும் குறைந்தது 7 கிலோபாஸ்கல் பிடிக்க வேண்டும்.

எண்களை எழுதி வாங்குங்கள். "பாஸ்" என்ற சொல் மட்டும் போதாது. ரிலீஃப் வால்வு திறந்த அளவு போன ஆண்டு 18, இந்த ஆண்டு 15 என்றால், அடுத்த ஆண்டுக்குள் ரப்பர் மாற்ற வேண்டும் என்று தாளே சொல்லிவிடும். தாளை ஃபைலில் வையுங்கள், தேதியை வால்வில் ஒரு அட்டையிலும் கட்டுங்கள். கிராணி மாறினாலும் மேனேஜர் மாறினாலும் அட்டை அங்கேயே இருக்கும்.

மாதா மாதம் நாங்களே செய்யக்கூடியது என்ன?

வால்வைச் சுற்றிப் புல் வெட்டுங்கள். ரிலீஃப் வால்வின் வாயில் குளவி கூடு கட்டியிருக்கிறதா, மண் ஏறியிருக்கிறதா பாருங்கள். இரண்டு அடைப்பு வால்வுகளும் முழுதாகத் திறந்திருக்கின்றனவா, கைப்பிடியை யாராவது கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்களா பாருங்கள். பித்தளைக்கு விலை உண்டு. மாதத்தில் ஒரு நாள் பத்து நிமிடம் ஒதுக்கினால் முடிகிற வேலை. உள்ளே கழற்றுவது மட்டும் வேண்டாம்.

தண்ணீர் வெட்டு முடிந்து சப்ளை திரும்ப வந்ததும்தான் வால்வு ஒழுக ஆரம்பிக்கிறது. ஏன்?

காலியாகக் கிடந்த பைப்பில் தண்ணீர் பாய்ந்து வரும்போது, உள்ளே படிந்திருந்த துரு, சேறு எல்லாவற்றையும் கிளப்பிக்கொண்டு வரும். அது செக் வால்வின் ரப்பரில் உட்கார்ந்துவிடும். வெட்டு அறிவிப்பு வந்தால், தண்ணீர் நிற்பதற்கு முன்பே வால்வுக்கு முன்னால் உள்ள அடைப்பு வால்வை மூடிவிடுங்கள். சப்ளை வந்த பிறகு மீட்டருக்குப் பக்கத்தில் உள்ள குழாயைத் திறந்து, தண்ணீர் தெளிவாகும்வரை ஓட விட்டு, அதன் பிறகு மெதுவாகத் திறங்கள். வேகமாகத் திறந்தால் வரும் அடியில் ரப்பர் நெளியும். வால்வுக்கு முன்னால் ஒரு வடிகட்டி இருப்பது நல்லது. மற்றபடி தீயணைப்புப் பைப்பில் மட்டும், வடிவமைத்தவர் சொல்லாமல் வடிகட்டி வைக்க வேண்டாம், அங்கே ஓட்டம் குறையக் கூடாது.

ரப்பர் மாற்றும்போது கிரீஸ் தடவலாமா?

மோட்டார் கடைக் கிரீஸ் கூடாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இந்த ரப்பர் ஊதிப்போகும். குடிதண்ணீருக்கு ஏற்ற சிலிகான் கிரீஸ், அதுவும் மெல்லியதாக. ரப்பர் செட்டை அதே கம்பெனி, அதே மாடல் பார்த்து வாங்குங்கள்; அளவு ஒத்துப்போகிறது என்று வேறொன்றைத் திணிக்க வேண்டாம்.

ஆர்.பி.இசட்டைத் தரைக்கு அடியில் குழியில் வைத்திருக்கிறார்கள். பரவாயில்லையா?

மேலே தூக்குங்கள். ரிலீஃப் வால்வின் வாய் தரையிலிருந்து 300 மில்லிமீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும், கொட்டும் தண்ணீர் ஓட வழி இருக்க வேண்டும். மழைக்காலத்தில் நம் பக்கம் தண்ணீர் ஏறும் இடங்கள் உங்களுக்கே தெரியும். குழி நிரம்பி ரிலீஃப் வாய் மூழ்கிவிட்டால், சாக்கடைத் தண்ணீர் உள்ளே போகும் வழியாகவே அது மாறிவிடும். வெள்ளம் ஏறும் இடமென்றால் 300 போதாது, வெள்ளக் கோட்டுக்கு மேலே வையுங்கள்.

கோவிலில் தண்ணீர் வேகம் போதவில்லை. மீட்டருக்கு அடுத்து பம்ப் மாட்டலாமா?

கூடாது. தெருப் பைப்பிலிருந்து நேராகப் பம்ப் போட்டு இழுப்பது தவறு, விதிக்கும் புறம்பு. உங்கள் பம்ப் இழுக்கும் இழுப்பில் பக்கத்து வீட்டுப் பைப்பில் உறிஞ்சல் உண்டாகும். கீழே ஒரு தொட்டி கட்டி, அதில் தண்ணீர் விழ விட்டு, தொட்டியிலிருந்து பம்ப் பண்ணுங்கள். அன்னதானச் சமையலுக்கு வேண்டிய வேகமும் கிடைக்கும். கோவில் குளத்துக்குத் தண்ணீர் விடும் பைப்பின் வாயும் தண்ணீருக்கு மேலேயே நிற்கட்டும்.

வீட்டில் நாங்கள் என்ன பார்க்க வேண்டும்?

கூரைத் தொட்டியில் தண்ணீர் விழும் வாய், வழிந்தோடும் பைப்புக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் குழாயை வாளியிலும் மீன் தொட்டியிலும் போட்டு வைக்காதீர்கள். வேக்குவம் பிரேக்கர் மாட்டிய குழாயை மூடும்போது கொஞ்சம் தண்ணீர் சிந்துவது சரிதான். திறந்திருக்கும்போதும் பக்கவாட்டில் ஒழுகினால் மாற்றிவிடுங்கள். குழாய் நுனியில் துப்பாக்கி மாதிரி ஸ்ப்ரே மாட்டுகிறவர்கள், வேலை முடிந்ததும் சுவர்க் குழாயையே மூட வேண்டும்.

தங்கும் விடுதியில் டபுள் செக் வால்வு போட்ட பிறகு சுடுதண்ணீர்த் தொட்டியின் பாதுகாப்பு வால்வு ஒழுகுகிறது. ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. தண்ணீர் சூடானால் விரியும். முன்பு அந்த விரிவு தெருப் பைப்புக்குள் பின்வாங்கிக்கொண்டது. இப்போது வழி அடைபட்டதால் அழுத்தம் ஏறுகிறது. விரிவுத் தொட்டி ஒன்று வைத்தால் தீரும். பாதுகாப்பு வால்வை இறுக்குவது வெடிகுண்டு வைப்பதற்குச் சமம். குளியலறையில் மாட்டும் உடனடி ஹீட்டருக்கு இந்தப் பிரச்சினை வராது.

இதெல்லாம் யார் பொறுப்பு?

மீட்டர்வரை தண்ணீர் சப்ளை செய்யும் ஆயர் சிலாங்கூர் நிறுவனம், மீட்டருக்கு இந்தப் பக்கம் இடத்தின் சொந்தக்காரர். தோட்டமென்றால் நிர்வாகம், கோவிலென்றால் செயலவை. 2006ஆம் ஆண்டு நீர்ச் சேவைத் தொழில் சட்டமும் 2014ஆம் ஆண்டுக் குழாய் விதிகளும் இதற்கு அடிப்படை. வேலை செய்கிறவருக்கு ஸ்பான் பெர்மிட் இருக்க வேண்டும். பெர்மிட்டைக் காட்டச் சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது, அல்லது நுரைக்கிறது. என்ன செய்வது?

குடிப்பதையும் சமைப்பதையும் குளிப்பதையும் உடனே நிறுத்துங்கள். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கிருமி சாகும், ரசாயனம் போகாது. மீட்டருக்கு அடுத்த வால்வை மூடுங்கள், அப்போதுதான் நம் பக்கத்திலிருந்து தெருவுக்கு மேற்கொண்டு போகாது. ஆயர் சிலாங்கூருக்கும் தோட்ட மருந்தகத்துக்கும் சொல்லுங்கள், அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கதவைத் தட்டிச் சொல்லுங்கள். சுத்தமான கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து மூடி வையுங்கள், சோதிக்க உதவும். யாருக்காவது வாந்தி, தலைசுற்றல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஸ்டோரில் அன்று கலந்த மருந்தின் லேபிளையும் கையோடு எடுத்துப் போங்கள்.

எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து அந்த இணைப்பைத் துண்டித்த பிறகுதான் பைப்பைக் கழுவ வேண்டும். லயத்து வீடுகளின் தொட்டிகளை மறக்க வேண்டாம்: பைப் சுத்தமான பிறகும் தொட்டியில் நின்ற தண்ணீர் அப்படியே கிடக்கும். ஒவ்வொரு தொட்டியையும் காலி செய்து, தேய்த்துக் கழுவி, முதலில் நிரப்பிய தண்ணீரையும் கொட்டிவிட்டு, ஆயர் சிலாங்கூர் சோதித்துச் சரி என்று சொன்ன பிறகே சமையலுக்குத் திறங்கள்.